ஒரு பேக்கரிக்காரரின் நித்திரை

போன கிழமை மீன் சந்தையில் நிற்கிறேன். கையில் ஒரு பாரைத் துண்டு, வெட்டிச் சுத்தம் செய்து பையில் போட்டாயிற்று. கிளம்பப் பார்த்தால் பின்னாலிருந்து ஒருவர் தோளைத் தொட்டார்.

“ஐயா, நீங்கள்தானே பேப்பரில எழுதுறவர்?”

சாம்பல்தீவுக்காரராம். பத்தியில் வரும் படத்தைப் பார்த்து அடையாளம் பிடித்தாராம். அந்தப் படத்தில் எனக்குத் தலை நிறைய முடி. எப்படிப் பிடித்தாரோ!

“உங்கட அத்தானுக்கு ஏதோ குளிசை குடுத்து நித்திரை வந்ததெண்டு கேள்விப்பட்டன். எங்கட அம்மா பொழுதுபட்டா கத்தத் தொடங்கிறா. வீட்டில ஒருத்தருக்கும் நித்திரையில்லை. அந்தக் குளிசையின்ர பேரைச் சொல்லுங்கோ. இப்பவே பார்மசியில வாங்கிக்கொண்டு போறன்.”

மனிதரின் கண்கள் சிவந்திருந்தன. ஷேட்டின் பொத்தான்களை ஒன்று தள்ளி மாற்றிப் பூட்டியிருந்தார். நித்திரையில்லாத வீட்டிலிருந்து வருகிறவரை எனக்குத் தெரியாதா என்ன? கொஞ்ச நாள் நானும் அப்படித்தான் திரிந்தேன்.

பெயர் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. மெலட்டோனின். ஆனால் பெயரை மட்டும் சொல்லி அவரை அனுப்ப மனம் வரவில்லை. பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இருத்தி முழுக் கதையையும் சொன்னேன். அன்றைக்கு வீட்டில் எங்களுக்குப் பழுதான மீன். அதற்கு வாங்கிய பேச்சு தனிக் கதை.

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

அத்தான் என்றால் மரியதாஸ் அத்தான். என் அக்கா றெஜினாவின் கணவர். அக்கா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையில் ஒரு ஒழுங்கைதான், சின்னச் சந்து. இந்த ஊரில் நாற்பது வயதைத் தாண்டிய எவரைக் கேட்டாலும் அத்தானின் பாணைச் சாப்பிட்டிருப்பார்கள். உள்துறைமுகப் பக்கம் போகும் வீதியில் அவருடைய பேக்கரி இருந்தது. துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி, சுடச்சுட ஒரு பாணை வாங்கிப் பேப்பரில் சுற்றிக்கொண்டு போவார்கள்.

பேக்கரிக்காரரின் வாழ்க்கை தலைகீழ் வாழ்க்கை. ஊர் படுக்கும்போது அவர் எழும்புவார். மா குழைத்து, போறணைக்கு — பாண் சுடும் அந்தப் பெரிய செங்கல் அடுப்புக்கு — விறகு போட்டு, விடிய முதல் பாணை இறக்குவார். ஊர் எழும்ப அவர் படுப்பார்.

அக்கா பகிடியாகச் சொல்லுவாள்: “நாங்கள் ரெண்டு பேரும் ஒரே கட்டிலை மாறி மாறிப் பாவிச்ச ஆக்கள், தம்பி.”

பகிடிதான். ஆனால் முழங்கால் ஏலாமல் போய் அவர் பேக்கரியை விட்டபோது ஆகச் சந்தோசப்பட்டது அக்கா. கலியாணம் கட்டி இத்தனை வருசத்துக்குப் பிறகு இருவரும் ஒரே நேரத்தில் லைற்றை அணைத்துப் படுத்தார்கள். அதுவே பெரிய கொடுப்பினை என்பாள்.

பிறகு மறதி வந்தது. மெல்லத்தான் வந்தது. தேத்தண்ணிக்குச் சீனி போட்டதை மறந்து மறுபடி போட்டார். பூசைக்குப் போய் வந்த அன்றே “இண்டைக்கு ஞாயிறோ, பூசைக்குப் போகேல்லையோ?” என்றார். டொக்டர்மார் பார்த்து டிமென்ஷியா என்றார்கள். பெயர் தெரிந்ததில் ஒரு பிரயோசனம் — அக்கா அவரோடு சண்டை பிடிப்பதை நிறுத்தினாள். “அவர் வேணுமெண்டு செய்யேல்லை” என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். சமாளித்தார்கள்.

போன மாரியில் காய்ச்சல் வந்தது. சலத்தில், அதாவது சிறுநீரில், கிருமி. ஆஸ்பத்திரியில் மறித்து வாட்டில் போட்டுவிட்டார்கள்.

முதல் நாள் சோர்ந்து படுத்திருந்தார். அடுத்த நாள் பின்னேரம் நான் போகிறேன். அத்தான் கட்டிலில் நிமிர்ந்து இருக்கிறார். தலையணையை மடியில் வைத்துக் குழைக்கிறார்! முஷ்டியால் ஒரு குத்து, ஒரு திருப்பு, மறுபடி ஒரு குத்து. நடுநடுவே விரல்களால் மா தூவுகிறார். கையில் குத்தியிருந்த சேலைன் ஊசி எப்போதோ கழன்று தொங்குகிறது.

“மச்சான், தண்ணி காணாது. எடுத்துக்கொண்டு வாரும்” என்றார் என்னைப் பார்த்து.

பக்கத்துக் கட்டிலில் வெருகலில் இருந்து வந்த ஒருவர், கால் உடைந்து கட்டுப் போட்டுக் கிடக்கிறார். அவரைப் பார்த்து ஒரு அதட்டல். “என்ன படுத்துக் கிடக்கிறீர்? விறகு போட்டாச்சோ?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

அதற்குள் அந்த மனிதர் பதில் சொல்லிவிட்டார். “போட்டாச்சு முதலாளி. நல்லா எரியுது.”

அத்தானின் முகத்தில் எவ்வளவு நிம்மதி! அந்த வெருகல்காரரின் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன். எங்கிருந்தாலும் அவருடைய கால் நன்றாக இருக்கட்டும்.

சிரிக்க முடிந்தது அவ்வளவுதான். அக்கா கஞ்சிப் போத்தலோடு வந்தாள். கிண்ணத்தில் ஊற்றி, ஊதி ஆற்றி, கரண்டியை நீட்டினாள். அத்தான் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீர் ஆர் பிள்ளை?”

“நான்தான்... றெஜினா.”

“பொய் சொல்லாதேயும். என்ர மனுசியை எங்கே ஒளிச்சு வச்சிருக்கிறியள்? எனக்கு நஞ்சு தரப் பாக்கிறியளோ?”

கரண்டியைத் தட்டிவிட்டார். கஞ்சி அக்காவின் சேலையெல்லாம். வாட்டே திரும்பிப் பார்த்தது. அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எழும்பி வெளி விறாந்தைக்குப் போனாள். பின்னால் போனேன். சுவரைப் பார்த்து நின்று சேலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

“ஐம்பது வருசம் தம்பி...” என்றாள்.

பிறகு முகத்தைக் கழுவினாள். உள்ளே போனாள். கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று, அந்நியப் பெண்போல, மரியாதையாகச் சொன்னாள்: “ஐயா, நான் உங்கட மனுசியின்ர சிநேகிதி. அவவுக்கு இண்டைக்கு வர ஏலாமப் போச்சு. இந்தக் கஞ்சியை உங்களிட்டக் குடுக்கச் சொல்லித் தந்துவிட்டவ.”

அத்தான் யோசித்தார். கையை நீட்டினார். முழுவதையும் குடித்தார்.

“நல்ல பிள்ளை” என்றார். “ஆனா றெஜினா வைக்கிற கஞ்சி மாதிரி இல்லை.”

தன் சமையலைத் தன்னிடமே குறை சொன்ன மனிதருக்கு அக்கா வாய் துடைத்துவிட்டாள். என் அக்காவை நான் பிறந்த நாளிலிருந்து அறிவேன். அவளை அறிந்தது அன்றைக்குத்தான்.

அந்த வாட்டில் ஒரு டொக்டர். சின்ன வயது. கிண்ணியாப் பிள்ளை, பெயர் சஹானா. அவர்தான் எங்களைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினார். “இது டிலிரியம். டிமென்ஷியா மெல்ல மெல்ல வாறது. இது ஒரு நாளில திடீரெண்டு வாறது. மறதி இருக்கிற ஆக்களுக்குக் காய்ச்சல், கிருமி, புது இடம், நித்திரைக் குழப்பம் எல்லாம் சேர்ந்தா இப்படி வரும். பயப்பட வேண்டாம் எண்டு சொல்ல மாட்டன். ஆனா கிருமி போகப்போக இதுவும் குறையும்.”

ஆரோ கையைக் கட்டி வைக்கலாமே என்று கேட்டார்கள். டொக்டர் மாட்டேன் என்றுவிட்டார். “கட்டினாப் பயம் கூடும். ஐயாட கண்ணாடி எங்க?” என்றார்.

கண்ணாடி வீட்டில் கிடந்தது! காய்ச்சல் அவசரத்தில் ஒருவரும் எடுக்கவில்லை. பாவம், அந்த மனிதருக்கு அரைகுறைக் கண்ணில் உலகமே புகைமூட்டம். பிறகு எப்படி ஆட்களைத் தெரியும்? ஓடிப்போய் எடுத்து வந்தேன். கண்ணாடி போட்டதும் பாதி ஆவேசம் அடங்கியது. நேர்ஸ் மிஸ்மார் கட்டிலை யன்னல் பக்கம் மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு முறை வரும்போதும் “ஐயா, இது ஆஸ்பத்திரி, இப்ப மத்தியானம்” என்று அலுக்காமல் சொன்னார்கள். அத்தனை நோயாளிகளுக்கு நடுவே! எப்படித்தான் அந்தப் பொறுமை வருகிறதோ.

காய்ச்சல் விட்டது. கிருமி போனது. வீட்டுக்கு வந்தார். தலையணை குழைப்பது நின்றது. பகலில் ஓரளவு தெளிவாக இருந்தார். அப்பாடா என்று மூச்சு விட்டோம்.

பொழுதுபட்டதும் விட்ட மூச்சைத் திரும்ப இழுத்தோம்.

மைம்மல் இருட்டு விழுந்தால் அத்தான் வேறு ஆள். கதிரையில் இருக்க மாட்டார். குசினிக்கும் வாசலுக்கும் நடை. “மா வந்திட்டோ? ஆக்கள் வந்திட்டாங்களோ?” உடம்பு முழுவதும் பழைய வேலை நேரத்துக்குத் திரும்பிவிட்டது. இரவெல்லாம் முழிப்பு. விடிந்தால் கொட்டாவி. பாதிப் பகல் குறட்டை. நாற்பது வருசப் பழக்கம் காய்ச்சலோடு சேர்ந்து எழும்பி வந்துவிட்டது.

அக்காவை இன்னும் சிநேகிதி என்றுதான் நினைத்தார். ஒரு பின்னேரம் நான் இருக்கும்போதே கேட்டார்: “பிள்ளை, இருட்டுது. நீர் உங்கட வீட்டை போகேல்லையோ?”

“மழை தூறுது ஐயா. விட்டாப்பிறகு போறன்.”

அக்கா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் எழும்பி வாசலுக்குப் போய்விட்டேன். வெளியே ஒரு துளி மழையில்லை.

அவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவர் அக்கா. நான் பகலில் போய் மாற்றிவிடுவேன். ஆனாலும் எழுபது வயது தாண்டிய பெண் எத்தனை நாளைக்குத் தாங்குவாள்? அக்காவின் கால்கள் வீங்கின. பிரஷர் ஏறியது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றபடியே கண்ணயர்ந்து, கையைச் சுட்டுக்கொண்டாள்.

கனடாவில் இருக்கும் மகள் ஷாமினி போனில் அழுதாள். “மாமா, அப்பாவை ஒரு ஹோமில விடுவம். இல்லாட்டி அம்மாவும் போயிடுவா.”

பிள்ளை சொன்னதில் பிழையில்லை. ஆனால் அக்கா போனை வாங்கி ஒரே சொல்லில் முடித்தாள். “ஏலாது.”

பக்கத்து வீட்டு அம்மா நல்ல மனம் கொண்டவர். மூக்கொழுகும் தடிமனுக்குப் போடும் குளிசையைக் கொண்டுவந்து தந்தார். “இதைக் குடுத்துப் பாருங்கோ. நல்லா அசத்தும்.” களைத்துப்போயிருந்த அக்கா கொடுத்தாள். அசத்தியது உண்மைதான் — அடுத்த நாள் முழுக்க! நடக்கும்போது தள்ளாடினார். நாக்கு வறண்டது. சலம் போகவில்லை. இருட்டியதும் சுவரில் பூச்சி ஊருது என்று அடிக்கத் தொடங்கினார்.

அந்தக் குழப்பத்தோடுதான் அது நடந்தது. அக்கா குசினியில் பாத்திரம் கழுவிய இடைவெளியில் அத்தானைக் காணவில்லை. வாசல் படலை திறந்து கிடக்கிறது.

அக்கா என்னைக் கூப்பிட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. ஒழுங்கையில் இல்லை. கோயிலடியில் இல்லை. நம்முடைய ஊரில் எந்த வீதியால் ஓடினாலும் கடைசியில் கடல்தானே? அக்கா வாய்விட்டுச் செபம் சொல்லிக்கொண்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

போன் அடித்தது. பழைய பேக்கரி இருந்த இடத்தில் இப்போது ஒரு போன் கடை. கடைக்காரப் பெடியன் பேசினான். “அங்கிள், உங்கட அத்தான் இஞ்ச நிக்கிறார். ஷட்டரைப் பூட்ட விடுறாரில்லை. உள்ள போறணை அணையப் போகுதாம்.”

போனேன். கண்ணாடி அலுமாரிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் அத்தானை இருத்தி, சோடாப் போத்தல் ஒன்றைக் கையில் கொடுத்திருந்தான். வெறுங்கால். பாதத்தில் இரத்தம்.

“மச்சான்” என்றார் என்னைக் கண்டதும். “என்ர போறணையை ஆரோ கொண்டுபோயிட்டாங்கள்.”

ஓட்டோவில் வீடு திரும்பும்வரை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது?

அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்கவில்லை. விடிந்ததும் அவரைக் கூட்டிக்கொண்டு டொக்டர் சஹானாவிடம் போனோம். அக்கா எல்லாவற்றையும் கொட்டினாள். டொக்டர் குறுக்கிடவே இல்லை. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு ஒரே கேள்வி:

“ஐயா என்ன வேலை செஞ்சவர்?”

“பேக்கரி.”

“ராவு வேலையா?”

“ஓம், நாற்பது வருசமா.”

டொக்டர் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். “அப்ப அவர் குழப்படி செய்யல்ல. அவர் வேலைக்குப் போறார்.”

இப்படி ஒருவர் சொன்னதும் எங்களுக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா? அத்தனை நாளும் ஒரு பைத்தியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நொடியில், நேரம் மாறிப்போன ஒரு வேலைக்காரரைப் பார்த்தோம்.

முதலில் தடிமன் குளிசையை வாங்கிக் குப்பையில் போட்டார். வயதானவர்களுக்கு, அதுவும் மறதி உள்ளவர்களுக்கு, அந்த வகை மருந்து குழப்பத்தைக் கூட்டுமாம். சலத்தைச் சோதித்தார். மலச்சிக்கல் உண்டா என்று கேட்டார். உண்டு! அதுவும் ஒரு காரணமாம். அதற்கு மருந்து. பிறகுதான் மெலட்டோனினுக்கு வந்தார்.

“எங்கட எல்லாருக்கும் மூளைக்குள்ள ஒரு மணிக்கூடு இருக்கு. இருட்டினா மூளை இந்த மெலட்டோனினைச் சுரக்கும். ‘ராவாயிட்டு, அடங்கு’ எண்டு உடம்புக்குச் சொல்லுறது இதுதான். வயசு போனா சுரக்கிறது குறையும். டிமென்ஷியா வந்தா மணிக்கூடும் பிழைக்கும். அதே சாமானைக் குளிசையா வெளியால குடுத்துப் பாக்கலாம்.”

“அடிச்சுப் போட்ட மாதிரிப் படுப்பாரோ?” என்று கேட்டேன். ஆவலைப் பாருங்கள்!

“இல்ல. இது ஆளை அசத்திற குளிசை இல்ல. உண்மையைச் சொல்லுறன் — இது எல்லாருக்கும் வேலை செய்யிற மருந்தும் இல்ல. இதைப் பற்றி ஆராய்ச்சி செய்யிற ஆக்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரல்ல. சிலருக்கு உதவுது. சிலருக்கு ஒண்டும் நடக்காது. மறதியை மாத்தவே மாத்தாது. ஆனா மற்ற நித்திரைக் குளிசைகளை விடக் கெடுதல் குறைவு. ஐயாட மற்ற மருந்துகளையும் பாத்திட்டன். கொஞ்சமாக் குடுத்துப் பாப்பம். சரிவராட்டி நிப்பாட்டுவம்.”

இவ்வளவு வெளிப்படையாக ஒரு டொக்டர் என்னிடம் கதைத்தது அதுதான் முதல் முறை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுகிறவரை நம்பாமல் வேறு ஆரை நம்புவது?

“குளிசை பாதிதான்” என்றார் கடைசியாக. “மற்றப் பாதி நீங்க. விடிய வெயிலில நடத்துங்க. பகல் நித்திரையைக் குறைங்க. மத்தியானத்துக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம். பொழுதுபட்டா ரிவியை நிப்பாட்டி, லைற்றைக் குறைச்சு, சத்தத்தைக் குறைங்க. குளிசையைப் படுக்கப் போகைக்க குடுக்காம, கொஞ்சம் முன்னால, ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில குடுங்க.”

அன்றிலிருந்து விடியக் காலை நடை என் பொறுப்பு. எனக்கோ சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. டொக்டர் எனக்கும் நடக்கச் சொல்லிப் பல வருசமாகிறது. கேட்டேனா? அத்தானுக்காகக் கேட்டேன்!

கோட்டைப் பக்கக் கடற்கரை. எட்டிப்பார்க்கும் வெயில். மீன்பிடிக்கப் போன வள்ளங்கள் திரும்பும் நேரம். வழக்கம்போல, நம் ஊருக்குள் திரியும் மான்கள் குப்பைக்கும் கதிரைகளுக்கும் நடுவே மேய்ந்துகொண்டிருக்கும். அத்தான் பழைய நாளில் மிஞ்சின பாணை இந்த மான்களுக்குப் போடுவார். ஒருநாள் நின்று ஒரு மானை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இவன் கடனுக்கு வாங்கித் தின்ன ஆள்.”

விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகு!

குளிசை தொடங்கி முதல் சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. பொழுதுபட்டால் அதே நடை, அதே “மா வந்திட்டோ?” அக்கா சலித்துப் போனாள். “தம்பி, ரெண்டு குடுத்தால் என்ன?” டொக்டருக்குப் போன் எடுத்தேன். “கூட்டக் கூடாது. மணிக்கூட்டைத் திருப்புறது மெதுவான வேலை. அந்த மா குழைக்கிற ஆசையை மட்டும் மறிக்காம, பகல்ல தீர்த்துவிடுங்களேன்” என்றார்.

அக்காவுக்குப் பொறி தட்டியது. அடுத்த நாள் காலை, மேசையில் கோதுமை மாவையும் தண்ணீரையும் வைத்தாள். “ஐயா, றொட்டிக்கு மா குழைச்சுத் தருவீங்களோ?”

அந்தக் கைகள்! மறதி அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. மாவைக் குவித்து, குழி பறித்து, தண்ணீர் ஊற்றி, உள்ளங்கையின் அடியால் தள்ளி மடித்து... வியர்க்க வியர்க்கக் குழைத்தார். அன்றிலிருந்து அக்கா வீட்டில் தினமும் றொட்டி. என் வீட்டிலும் றொட்டி. பக்கத்து வீட்டிலும் றொட்டி. ஒழுங்கையில் ஒருவருக்கும் இப்போது றொட்டியைக் கண்ணில் காட்டக் கூடாது.

பிறகு ஒரு பின்னேரம்... லைற்றைக் குறைத்துவிட்டு, அக்கா செபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் பக்கத்தில். அத்தான் கதிரையில். நடுவில் ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தோம்.

கொட்டாவி!

வாய் முழுக்கத் திறந்து, கண்ணில் நீர் வர, மனிதர் கொட்டாவி விடுகிறார். அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மூச்சு விடவும் பயம். “படுக்கப் போறன்” என்று அவராகவே எழும்பிப் போனார். அக்கா செபமாலையை முத்தமிட்டாள். இடையில் நின்ற செபத்தை அந்த ஆண்டவர் முழுதாகவே கணக்கெடுத்திருப்பார்.

ஒரே நாளில் எல்லாம் மாறவில்லை. நல்ல இரவும் வந்தது, கெட்ட இரவும் வந்தது. ஆனால் நல்ல இரவுகள் கூடிக்கொண்டே வந்தன. இரவில் படுத்தவர் பகலில் முழித்திருந்தார். பகலில் முழித்திருந்தவர் பசித்துச் சாப்பிட்டார். சாப்பிட்டவர் உடம்பு தேறினார். குளிசையா, வெயிலா, றொட்டியா, கிருமி முழுதாகப் போனதா? எது எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியாது. டொக்டரிடமே கேட்டேன். “எனக்கும் தெரியாது” என்று சிரித்தார்.

ஒரு மத்தியானம் மூவரும் சாப்பிடுகிறோம். சோறு, விளைமீன் குழம்பு. அத்தான் ஒரு வாய் வைத்தார். முகத்தைச் சுளித்தார்.

“றெஜினா, உப்புக் கூடிப்போச்சு.”

அக்காவின் கை கறிச் சட்டியிலேயே நின்றுவிட்டது. “என்ன சொன்னனீங்கள்?”

“உப்புக் கூட எண்டு சொன்னனான். காது கேக்கேல்லையோ உமக்கு?”

அக்கா எழும்பிக் குசினிக்குள் ஓடினாள். உள்ளே சிரிப்பும் அழுகையும் கலந்து ஒரு சத்தம். அத்தான் என்னைப் பார்த்தார். “இப்ப என்னத்தைச் சொல்லிப்போட்டன்? உண்மையாவே உப்புக் கூடத்தான்...”

சாப்பாட்டில் குறை சொன்னதற்காக ஒரு மனைவி கடவுளுக்கு நன்றி சொன்னது உலகத்தில் அந்த வீட்டில்தான் நடந்திருக்கும்.

நாங்கள் கோயிலில் எதையெல்லாம் கேட்கிறோம்? விசா கேட்கிறோம். பிள்ளைக்கு நல்ல இடத்தில் கலியாணம் கேட்கிறோம். நித்திரையை ஆராவது கேட்டதுண்டா? அது தானாக வரும், தானாகப் போகும் சாமான் என்று நினைக்கிறோம். ஒரு வீட்டில் ஒருவருடைய நித்திரை கெட்டால் அந்த வீடே எப்படி ஆட்டம் காணும் என்பதை நான் கிட்ட நின்று பார்த்துவிட்டேன். இப்போதெல்லாம் காலையில் கண் விழித்ததும் முதல் நன்றி, முந்தின இரவு நித்திரைக்குத்தான்.

நன்றி சொல்ல இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். டொக்டருக்கு அக்கா ஒரு பெரிய கேக் அடித்துக்கொண்டு போனாள். “உங்களுக்கு என்ன கைமாறு செய்வன் பிள்ளை?” என்று கையைப் பிடித்தாள். டொக்டருக்கு முந்தின இரவு டியூட்டியில் முழித்திருந்த முகம். “ஐயா நல்லாப் படுக்கிறார் எண்டு கேக்கவே எனக்கும் நித்திரை வருது அம்மா” என்றார். போன் கடைப் பெடியனுக்கு இன்னொரு கேக்கில் பாதி. பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் ஒரு துண்டு. அவர் மனம் நல்ல மனம்தானே, குளிசைதான் பிழை!

சாம்பல்தீவு நண்பரிடமும் இதைத்தான் சொன்னேன். பெயரைத் தெரிந்துகொண்டு பார்மசிக்கு ஓடாதீர்கள். அம்மாவை முதலில் டொக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று குழம்பினால் உள்ளே காய்ச்சலோ கிருமியோ வேறு மருந்தோ இருக்கலாம். கண்ணாடியைத் தேடிப் போட்டுவிடுங்கள். அம்மா என்ன வேலை செய்தவ என்று யோசியுங்கள். மெலட்டோனின் தேவையா, எவ்வளவு, எப்போது என்பதை டொக்டர் சொல்லட்டும்.

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு “அம்மா விடிய வெள்ளன எழும்பி இடியப்பம் அவிச்சு வித்தவ ஐயா” என்றார். நாளைக்கே கிளினிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அத்தான் குணமாகிவிட்டாரா என்று கேட்பீர்கள். இல்லை. மறதி இருக்கிறது. அது இருக்கும், கூடவும் செய்யும். டொக்டர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். சில பின்னேரங்களில் இன்னும் மாவைத் தேடுகிறார். கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்கிறார். என் பெயர் இரண்டு கிழமையாக அவருக்கு வரவில்லை. பரவாயில்லை, மச்சான் என்று கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்க மாட்டேனா?

நேற்றுக் காலை நடைக்குக் கூட்டிப்போக அக்கா வீட்டுக்குப் போனேன். வெயில் ஏறிவிட்டது, எனக்குத்தான் பிந்திவிட்டது. வழக்கமாக அந்நேரம் குசினியில் சட்டி முட்டிச் சத்தம் கேட்கும். ஒரு சத்தமும் இல்லை. “அக்கா!” என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தேன்.

அறை வாசலில் ஒரு கதிரை. அதில் அத்தான், காவலுக்கு இருப்பவர்போல நிமிர்ந்து இருக்கிறார். என்னைக் கண்டதும் விரலை உதட்டில் வைத்தார்.

“உஷ்... கத்தாதேயும் மச்சான். என்ர மனுசி நித்திரை.”

எட்டிப் பார்த்தேன். அக்கா ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. அடுப்பு மூட்டவில்லை, தேத்தண்ணி வைக்கவில்லை, முகத்தில் ஒரு கவலையும் இல்லை.

“எழுப்பட்டோ?” என்று மெல்லக் கேட்டேன்.

“வேண்டாம்” என்றார் அத்தான். “பாவம், கன நாள் முழிச்சிருந்தவ.”

நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, படலையைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.